மன்னார்த் தீவின் கதை – 14: புயலுக்குப் பின் கட்டியதும் கட்டாததும்

1964 டிசம்பர் 17ஆம் திகதி கொழும்பில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அதே நாளில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழமுக்கம் உருவானது. தொடர்பில்லாத இந்த இரண்டு நிகழ்ச்சிகளின் சுமையையும் ஐந்தாம் நாள் மன்னார் ஒன்றாகத் தாங்க வேண்டி வந்தது. புயல் அடித்த இரவில் நாட்டில் இருந்தது தேர்தலை எதிர்நோக்கிய ஓர் இடைக்கால அரசு. அடுத்த தேர்தல் 1965 மார்ச் 22இல்தான் நடந்தது.

சென்ற வாரம் 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்த கதையோடு நிறுத்தினோம். கொழும்பில் ஏறியவர் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் மாறி, 35 கிலோமீற்றர் கடல் கடந்து, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறிச் சென்னைக்குப் போகலாம். தீவுக்குள் அந்தப் பாதை மன்னார், தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் என்று போயிற்று. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படையிடம் உயிர்விட்ட வேதசாட்சிகளின் நினைவோடு மட்டும் அறியப்பட்டிருந்த தோட்டவெளிக்கு இந்தப் பாதையால் ஒரு புகையிரத நிலையமும் கிடைத்தது. அரை நூற்றாண்டு ஓடிய அந்தப் பயணத்தை ஒரே இரவு முடித்துவைத்தது.

டிசம்பர் 19இல் தாழமுக்கம் கடும் புயலாயிற்று. 21இலிருந்து ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கே நகர்ந்தது, நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீற்றர் வேகத்தில். 22ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறி, வவுனியாவைக் கடந்து, அன்றிரவு மன்னாரின் மேலாகக் கடலில் இறங்கித் தனுஷ்கோடியை அடித்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் என்று மதிப்பிட்டார்கள். கடல் 7 மீற்றர் வரை எழுந்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட 653ஆம் இலக்கப் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை எட்டும் முன்பே அலைக்குள் போயிற்று. அதில் இருந்தவர் எவரும் தப்பவில்லை. மொத்த உயிரிழப்பு 1,800 அளவில் என்று கணக்கிடப்பட்டது. தனுஷ்கோடியின் பெயரால் உலகம் இந்தப் புயலை நினைவில் வைத்திருப்பது நியாயம்தான். ஆனால் அங்கே போகும் வழியில் அது எங்கள் தலைக்கு மேலால் போயிற்று என்பதை இந்தியாவில் எழுதப்படும் கதைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியைத்தான் இந்த வாரம் விரித்துப் பார்க்கிறோம்.

மன்னாரில் புயல் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, தீவு கிடக்கும் கிடையை மனத்தில் வைக்க வேண்டும். வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. நடுவே வடமேற்காகக் கிடக்கும் ஒரு மணல் திட்டு. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரம், அவ்வளவுதான். வங்கக் கடலின் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் கிழக்கிலிருந்து நெருங்கும்போது முதலில் வடக்குப் பக்கமிருந்து காற்று அடிக்கும். மையம் கடந்தபின் அதே காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கும். பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது. ஆழக் கடலில் காற்று தள்ளும் நீர் அடியால் திரும்பி ஓடிவிடும். ஆழமில்லாத கடலில் அதற்கு இடமில்லை. கரையில் குவிந்து ஏறும். ஆகவே முதலில் வட கடல் ஊருக்குள் வருகிறது, பிறகு தென் கடல். ஒரு பக்கத்தை மட்டும் காத்தால் போதும் என்ற நிலை இந்தத் தீவுக்கு என்றுமே இருந்ததில்லை. வாடைக் காற்றுக்கு வட கரையில் கட்டிய வள்ளத்தைத் தென் கரைக்கு மாற்றியும், சோளகத்துக்கு மறுபடி வடக்கே கொண்டுபோயும் தொழில் செய்த கடலோடிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புயலோ அந்த மாற்றத்துக்கு மாதக் கணக்கு தருவதில்லை. சில மணித்தியாலங்களில் காற்று திரும்பிவிடுகிறது.

இனி, புயலுக்குப் பிறகு நடந்தது.

அக்கரையில் பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. கப்பல் போகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ஆறு மாதத்தில் சரிசெய்வதென்று ரயில்வே திட்டமிட்டது. பிறகு மூன்று மாதம் என்று சுருக்கினார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியியலாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெற்றோவையும் கட்டியவர் அவர்தான். அந்த வேகத்தின் காரணங்களில் ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: அள்ளுண்டுபோன உத்தரங்கள் கடலடியில் கிடக்கின்றன என்று மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அவற்றைத் தூக்கி மறுபடி பொருத்தியதால்தான் புதிய இரும்புக்காகக் காத்திருக்க வேண்டிவரவில்லை. கரையைத் தெரிந்தவர்களிடம் கேட்ட ஒரு பொறியியலாளர் மாதங்களை மிச்சப்படுத்தினார்.

தனுஷ்கோடியை யாரும் கட்டவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசு அறிவித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. தலைமன்னார் மறுபடி இயங்க வேண்டியிருந்தது, அதற்கு வலுவான காரணமும் இருந்தது. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30இல், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகியிருந்தது. அவர்கள் போக வேண்டிய வழி தலைமன்னார். 1984இல் கப்பல் நிற்கும்வரை அந்த இறங்குதுறையில் நடந்த பிரிவுகளை அடுத்த வாரம் சொல்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது, மீட்கப்பட்டவை எவை என்பதுதான். பாலம் மீண்டது. தண்டவாளமும் கப்பலும் இறங்குதுறையும் மீண்டன. இரண்டு அரசுகளுக்கும் மன்னார் ஒரு வழி, வழியைத் திறந்தார்கள். அந்த வழியின் இருபுறமும் குடியிருந்தவர்களைக் கடலிலிருந்து காக்க அணை எழவில்லை, சுவர் எழவில்லை. நீர் வந்த வழியையும் வடிந்த வழியையும் குறித்துவைக்க எவரும் முனையவில்லை. இதை அலட்சியம் என்றுதான் நான் எழுதுவேன். இடைக்கால அரசு என்பது சில மாதங்களுக்குச் சாக்கு. அறுபது ஆண்டுகளுக்கு அது சாக்காகாது.

அப்படியானால் என்ன கட்டியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. எங்களைப்போல ஒரு மணல் தீவு, எங்களைவிட அறுபத்து நான்கு ஆண்டுகள் முந்தி இதே கேள்வியைச் சந்தித்தது. அமெரிக்காவில் ரெக்சாஸ் கரையிலுள்ள கால்வெஸ்ரன். ஏறத்தாழ 43 கிலோமீற்றர் நீளம், அகலம் சில கிலோமீற்றர். நகரத்தின் மிக உயர்ந்த இடமே 2.7 மீற்றர்தான். 1900 செப்டெம்பர் 8இல் அடித்த புயலில் கடல் 4.6 மீற்றருக்கு மேல் எழுந்தது. இறந்தோர் தொகையை 6,000 முதல் 12,000 வரை சொல்கிறார்கள். அமெரிக்க வரலாற்றில் இயற்கை ஒரே நாளில் இத்தனை உயிரை எடுத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கால்வெஸ்ரன் மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஹென்றி மார்ட்டின் ரொபேட், அல்பிரட் நோபிள், ரிப்ளி என்ற மூன்று பொறியியலாளர்களை அமர்த்தி, அவர்கள் சொன்னபடி செய்தார்கள். முதலில் சுவர்: 1902இல் தொடங்கி 1904இல் முதற்பகுதி முடிந்தது; ஐந்து கிலோமீற்றர் நீளம், 5.2 மீற்றர் உயரம். இரண்டாவதுதான் வியப்பு. நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள். ஊருக்குள் ஒரு கால்வாய் வெட்டி, கப்பல் போகும் வழியில் தோண்டிய மணலை நீரோடு கலந்து குழாய்களால் ஊற்றினார்கள். அதற்கு முன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு தூக்கிகளால் மேலே ஏற்றினார்கள். 3,000 தொன் எடையுள்ள ஒரு கத்தோலிக்க தேவாலயமும் அதில் ஒன்று. ஆண்டுக்கணக்கில் மக்கள் பலகைப் பாதையில் நடந்து திரிந்தார்கள். உவர் மணலால் மரங்களும் தோட்டங்களும் செத்தன. 1911வரை வேலை நீண்டது. 1915இல் இன்னொரு பெரும்புயல் வந்தபோது சுவருக்குள் இருந்த நகரம் தப்பியது.

படிக்கும்போது மன்னாருக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று தோன்றும். சுவரின் முன்னால் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அலை சுவரில் மோதித் திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். கால்வெஸ்ரன் சுவருக்கு முன் இருந்த அகன்ற கடற்கரை கரைந்துபோயிற்று. பிறகு பெரும்பணம் செலவிட்டு மணல் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாயிற்று. கரைவலை இழுக்கவும் படகேற்றவும் வாடி போடவும் மணற்கரையை நம்பி வாழ்கிற பேசாலைக்கும் தாழ்வுபாட்டுக்கும் கரை போனால் தொழில் போயிற்று.

அதைவிடப் பெரிய காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. மன்னார்த் தீவின் குடிநீர் மழை தந்தது. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஊர்க் கிணறுகளில் நாம் அள்ளுவது அந்தப் படையைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பலக்கும்போது அந்தப் படை தரைமட்டம் வரை உயர்ந்துவிடும். அப்போது வெள்ளம் கடலிலிருந்து வருவதற்கு முன்பே மண்ணுக்குள்ளிருந்து ஊறி வருகிறது. இந்தத் தீவைச் சுற்றி அணை போட்டால் கடலை வெளியே நிறுத்துவதோடு மழையையும் உள்ளே பூட்டிவைப்போம். பிறகு அதை இறைக்க இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும், அதுவும் புயல் நேரத்தில்.

இயந்திரத்தை நம்பிய நகரம் எப்படி இருக்கும் என்பதற்கு நியூ ஓர்லியன்ஸ் சாட்சி. சுற்றிலும் அணை, உள்ளே இறைப்பு நிலையங்கள். இறைக்க இறைக்க மண் வற்றித் தாழ்ந்தது; நகரத்தின் பாதி கடல்மட்டத்துக்குக் கீழே போயிற்று. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரினா புயல் வந்தபோது 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவெனியூ கால்வாயிலும் வெள்ளச் சுவர்கள், நீர் அவற்றின் உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே சரிந்தன. நகரத்தின் 80 வீதம் மூழ்கியது. கட்டியவர்களின் கணிப்புப் பிழை என்று விசாரணைகள் சொன்னது அந்த மக்களுக்குப் பெருங்கோபத்தைத் தந்தது, தர வேண்டியதுதான். பிறகு 1,450 கோடி டொலர் அளவில் செலவிட்டு மறுபடி கட்டினார்கள். போர்ன் ஏரிப் பக்கம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் ஒரு பெரும் தடுப்பு எழுந்தது. 2021இல், கத்ரினா வந்த அதே ஆகஸ்ட் 29இல், ஐடா புயல் வந்தபோது அந்த அமைப்பு தாங்கிற்று. இதோடு அவர்கள் செய்த இன்னொரு வேலையைத்தான் மன்னார் கவனிக்க வேண்டும். 1960களில் கப்பலுக்காகச் சதுப்பு நிலத்தைக் கிழித்து வெட்டிய நீண்ட கால்வாயை, புயல்நீரை ஊருக்குள் அழைத்துவந்தது அதுவும்தான் என்ற குற்றச்சாட்டுக்குப் பிறகு, 2009இல் கல் போட்டு அடைத்தார்கள். கட்டியதை மூடுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டார்கள்.

மன்னாரில் அரசு எதையும் கட்டாவிட்டாலும் தீவுக்கு அரண் இல்லாமல் இருக்கவில்லை. முதல் அரண் கரையோர மணல்மேடு. இராவணன் மீசையும் அடம்பங்கொடியும் வேர்விட்டுப் பிடித்து வைத்திருக்கும் மேடு அது. புயலலை அதைத் தின்னும், அடுத்த பருவங்களில் காற்று மறுபடி மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். சுவருக்கு அந்தத் திறமை கிடையாது. பெருநிலத்தைப் பார்த்த பக்கத்தில், ஆழமற்ற நீரில் கண்டல் காடு. உள்ளே பனங்கூடல். நான்காவதை எவரும் அரண் என்று எண்ணுவதில்லை: மேடுகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளங்களும் தரவைகளும், அவற்றிலிருந்து கடலுக்குப் போகும் ஓடைகளும். மாரி மழை அங்கே தங்கி, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது, மிச்சம் ஓடைவழியே கடலுக்குப் போகிறது. கடல் ஏறி வந்தாலும் திரும்பிப் போக அதே வழிதான். பழைய குடிமனைகள் மேட்டில் இருந்தன. பள்ளம் மாட்டுக்கும் நீருக்கும் விடப்பட்டது. யாரும் சட்டம் போட்டு இதைச் செய்யவில்லை.

இந்த ஒழுங்கு குலைந்ததற்குப் போரும் ஒரு காரணம். 1990இல் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. தண்டவாளமும் அழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறுமையாயின. தமிழர் பலர் படகேறி இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போனார்கள். ஓர் ஊர் கலையும்போது வீடுகளோடு, எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் நீர் நிற்கும் என்ற அறிவும் கலைந்துபோகிறது. திரும்பி வந்தவர்களில் ஒரு தலைமுறை அந்த மண்ணின் மாரியைப் பார்த்து வளராதது. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் குடியிருக்க நிலம் தேவைப்பட்டது; மன்னார் நகரைச் சுற்றி எழுத்தூர், சாந்திபுரம், ஜிம்றோன் நகர் என்று குடியிருப்புகள் தாழ்நிலத்தில் பெருகின. அங்கே குடியேறியவர்களைக் குறை சொல்வதற்கில்லை, வேறு நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த நிலத்துக்கு வடிகான் வெட்டிக் கொடுக்காமல் வீட்டுத்திட்டம் கொடுத்தவர்களே பொறுப்பு. ஒவ்வொரு மாரிக்கும் அந்த வீடுகளுக்குள் நீர் வருகிறது, மக்கள் பாடசாலைகளுக்கும் பொது மண்டபங்களுக்கும் போகிறார்கள், சமைத்த உணவுப் பொதி வருகிறது, நீர் வடிகிறது, எல்லோரும் மறக்கிறார்கள்.

போர் முடிந்ததும் மறுபடி வழியைத்தான் முதலில் திறந்தார்கள். 2010 மார்ச்சில் யப்பானின் உதவியோடு புதிய பாலமும் தாம்போதியும். 2015 மார்ச்சில் இந்தியா கட்டிக்கொடுத்த தலைமன்னார்ப் பாதையில் ரயில். இரண்டும் வேண்டியவை, நாங்கள் இருபது ஆண்டுக்கு மேல் ஏங்கிக் கிடந்தவை. ஆனால் தீவின் நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு மேட்டுப் பாதையும், குறுக்கே கடலைத் தேடிப் போகும் நீருக்கு ஓர் அணை. போதிய மதகு இருந்தால்தான் அது பாதை.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி, மறுநாள் மன்னார்க் கடலில் இறங்கிப் பாம்பனை நோக்கிப் போயிற்று. 1964இன் தடம்தான், சிறு விலகலோடு. வலு குறைந்த புயல் என்பதால் பெருஞ்சாவு நேரவில்லை. அதே மாதம் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பூங்கா திறந்துவைக்கப்பட்டது: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். காற்று மின்சாரம் நாட்டுக்குத் தேவை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் கடலை உயர்த்துவதைவிட அது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டிலிருந்து தென்கரைக் கிராமங்களில் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: காற்றாலைகளுக்காகப் போட்ட மேட்டுப் பாதைகளும் அடித்தளங்களும் மழைநீர் கடலுக்கு வடியும் வழிகளை மறித்துவிட்டன, முன்பு நீர் நிற்காத வளவுகளில் இப்போது நிற்கிறது. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்து புதிய காற்றாலைகளையும், கரை மணலிலிருந்து இல்மனைற் அகழும் திட்டத்தையும் எதிர்த்தபோது அந்த முறைப்பாடு முன்வரிசையில் நின்றது. இல்மனைற் அகழ்வை நான் நேரடியாகவே எதிர்க்கிறேன். மேலே சொன்ன முதல் அரணை அது தோண்டி எடுக்கிறது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து நாட்டில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. பேரழிவு மலையகத்துக்குப் போனது. மன்னாருக்கு நேர் மேலாகப் பெரும்புயல் வரும் நாள் இன்னும் காத்திருக்கிறது.

எனவே 1964இல் விட்ட வேலை இன்றும் மிச்சமிருக்கிறது. அது சுவரிலிருந்து தொடங்கக் கூடாது, நீரின் வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும். மாவட்டச் செயலகமும் நகர சபையும் பிரதேச சபையும் கரையோரம் பேணல் திணைக்களமும் ஒன்றாக உட்கார்ந்து, தீவின் ஒவ்வொரு பள்ளத்தையும் ஓடையையும் கடலில் சேரும் வாயையும் அளந்து, அவற்றின்மேல் எதையும் கட்ட முடியாதபடி வர்த்தமானியில் இட வேண்டும். அடைபட்டவற்றில், காற்றாலைப் பாதையானாலும் அரசாங்க வீதியானாலும் தனியார் மதிலானாலும், மதகு வெட்டித் திறக்க வேண்டும். ஏற்கெனவே தாழ்நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு வடிகானும், மேட்டில் தங்குமிடமும் உடனே வேண்டும்.

அந்த வரைபடத்துக்கு முதல் கோடு போட இந்தத் தொடரைப் படிக்கும் உங்களால் முடியும். 1964இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில், உங்கள் ஒழுங்கையில், தோட்டவெளியிலோ பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ அந்த இரவைக் கண்டவர் இருந்தால், இந்த மாரி வருவதற்குள் அவரிடம் போய்க் கேளுங்கள்: நீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எந்த வழியால் வடிந்தது. அவர் காட்டும் உயரத்தை ஆலயத்தின், பள்ளிவாசலின், பாடசாலையின் சுவரில் திகதியோடு குறித்து வையுங்கள். எழுதியதை ஊர்ச் சங்கத்திலும் கிராம அலுவலரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள்.